புதன்கிழமை பத்து நாற்பது

திருத்தணி,
பிப்ரவரி 14

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே உன் நைனாவின் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை எழிலனும் அந்தக் குளிரில் காதை ஒழுங்காக மூடிக்கொண்டு சுகமாக இருக்க மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் நைனா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், நாம் பேசுகிற ஒரு வார்த்தையையும் விடுவதில்லை. இது அவர் காதுக்குப் போகக் கூடாத சேதி. படித்ததும் மடித்து உன் பீரோவுக்குள் வை, அவர் வந்து இறங்கும்போது கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் போட்டு வைக்காதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல சேதி. விசா வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். வியாழக்கிழமை காலையில் கூரியர்காரர் கதவைத் தட்டியபோது உன் நைனா குளித்துக்கொண்டிருந்தார், ஈரத்துண்டோடு ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். அவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார், மறுபடி அவருடையதைப் பார்த்தார். போவ சொல்ட்டாங்க கமலா என்றார், அவ்வளவுதான். பிறகு போய் கோல்ஃப் மட்டைப் பையைத் திறந்து, முந்தின நாள் துடைத்த மட்டைகளையே ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன், எனக்கு வெட்கம் என்ன.

சென்னையில் அந்த டிராவல்ஸ்காரர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? வழவழவென்று ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அயர்லாந்தில் பெயர் பெற்ற ஐந்து மைதானம், நட்சத்திர ஓட்டல், டிரைவரோடு கார், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது லட்சம் என்றார். உன் நைனா மரியாதையாகப் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினார். திரும்பி வரும்போது ரயிலில் திருவள்ளூர் தாண்டியதும், விட்டுடு கமலா, பேரைக் கேட்டதே போதும் என்றார். எனக்கு வந்ததே கோபம். அரக்கோணம் ரயில்வே கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் நான், காசிக்குப் போகிறவர்களுக்குக் குறைந்த செலவில் மூன்று வழி சொல்லி அனுப்பியவள், கட்டிய புருஷனை ஒரு ஊருக்கு அனுப்ப வழி தெரியாதவளா? அன்றைக்கே நோட்டு ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு, திரும்பி வருகிற கடைசி வண்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதிலிருந்து பின்னோக்கி வந்தால் நடுவில் எங்கேயும் தங்கிச் செலவு பண்ண வேண்டியிருக்காது. நான்கு மாதம் அப்படித்தான் பின்னோக்கி வந்தேன். கோடைக் கூட்டம் தொடங்குமுன் ஏப்ரலில் விமானம், தங்குவது அயர்லாந்திலேயே இருக்கிற உன் வீட்டில், பெரிய மைதானங்களுக்கு ஒரு கும்பிடு, உன் ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேருகிற கடலோரத்துச் சின்ன மைதானம், ஒன்பது குழிதான், அதையே இரண்டு சுற்று ஆடினால் பதினெட்டு. நீ சொன்ன ஒன்பதேகால் பேருந்து உதவாது ப்ரியா, அது போய்ச் சேருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும், எட்டு ஐந்துக்கு ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டேன். மட்டைக்குத் தனியாகச் சாமான் கூலி கேட்கிறார்கள் என்பதால் பதினான்கு மட்டையில் ஏழை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், அதற்கு அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார், பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. அந்த ஏழையும் மாப்பிள்ளைக்கு வாங்கிய பொதட்டூர்பேட்டை லுங்கிகளில் சுற்றிப் பெரிய பெட்டியில் குறுக்காக வைத்துப் பார்த்தாயிற்று, கச்சிதமாக உட்காருகிறது. பை தனியாக மடங்கிவிடும். மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டாது. நீ அனுப்புகிறேன் என்ற பணத்தை நீயே வைத்துக்கொள். இது அவருடைய சம்பாத்தியத்திலும் என் பென்ஷனிலும் போகிற பயணம், அப்படிப் போனால்தான் அவருக்கு அங்கே தலை நிமிரும்.

அவருக்கு இது ஏன் இவ்வளவு பெரிது என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், நான்தான் சரியாகச் சொன்னதில்லை. நீ தூங்கி எழுவதற்குள் முதல் மின்சார யூனிட் வண்டியைப் பிடித்துச் சென்னைக்குப் போய், கோல்ஃப் மைதானத்தில் கேடியாக மற்றவர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், முப்பத்திரண்டு வருஷம். அதில் பாதிக்கு மேல் ஹேமநாதன் ஐயா பைதான். அந்த மனுஷர் வாலிபத்தில் அயர்லாந்தில் படித்தவர். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், பரந்தாமா, இதெல்லாம் ஒரு காத்தா, அயர்லாந்துக் கடலோரத்துல நின்னு ஒரு பந்து அடிச்சிப் பாக்கணும் நீ, என்பாராம். கேடிகளுக்கு அங்கே திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் ஆட அனுமதி, அன்றைக்குப் பெரியவர்களுக்கு விடுமுறை. உன் நைனா எவ்வளவு நன்றாக ஆடுவார் என்று அவரோடு வேலை பார்த்த தங்கவேல் அண்ணனைக் கேள், கதை கதையாகச் சொல்லுவார். ஆனால் ஆடுகிறவர்கள் பெயர் எழுதுகிற புத்தகத்தில் திங்கட்கிழமைப் பக்கம் எப்போதும் வெள்ளையாகவே இருக்குமாம். ஹேமநாதன் ஐயா போய் நான்கு வருஷம் ஆகிறது. போகுமுன் அந்தப் பையையும் மட்டைகளையும் உன் நைனாவுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அது நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் நைனா அதைத் துடைப்பதைத்தான் பார்க்கிறேன். ஒரு நாளாவது ஆட்டக்காரராக, அவர் பெயரில், அவர் போய் நிற்க வேண்டும் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது நடந்த கூத்தைக் கேள். விசாவுக்கு எழுதிப்போடுமுன் மைதானத்தில் நாள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நான் அடுப்படியில் இருந்ததால் அவரையே போனில் நிரப்பச் சொன்னேன். ஆங் ஆங் என்று நிரப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் பதில் வந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், அன்புள்ள திரு. ஹேமநாதன் என்று தொடங்குகிறது. ஆட்டக்காரர் ஹேமநாதன், கேடி பரந்தாமன். இறந்துபோன மனுஷர் பெயரில் சீட்டு போட்டு வைத்திருக்கிறாரே, விசாவுக்கு இதைக் காட்டினால் என்ன ஆகும், நான்கு மாத வேலை நாசமாகப் போயிற்றே என்று கத்து கத்து என்று கத்தினேன், நீ கேட்டிருந்தால் நைனா பக்கம்தான் பேசியிருப்பாய். அவர் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"கை தானா எய்திடுச்சி கமலா. அந்த எடத்துல எம்பேரை எய்துனதே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தியதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி நிரப்பலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பையையும் தூக்கிக்கொண்டு பதினெட்டு குழி நடக்க என்னால் ஆகாது கமலா, மலைப்படியில் பையோடு ஏறிப் பார்த்தேன், இருநூறாவது படியில் உட்கார்ந்துவிட்டேன், அங்கே ஆள் வைத்தால் ஒரு நாள் கூலியில் இங்கே ஒரு மாதம் சாப்பிடலாம், கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், போதும் என்றார். போதும் போதும் என்று சொல்லியே வாழ்ந்த மனுஷர். அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது நானே அந்த மைதானத்துக் காரியதரிசிக்கு எழுதினேன், ரயில்வே இங்கிலீஷ்தான், ஆனால் ஒளிக்காமல் எழுதினேன். பெயர் தவறிவிட்டது, முப்பத்திரண்டு வருஷம் மற்றவர் பை தூக்கியவர், திங்கட்கிழமைகளில் மட்டும் ஆடியவர், ஆட்டத்தில் இவர் என்ன தரம் என்று சொல்ல எங்களிடம் சான்றிதழ் எதுவும் இல்லை, ஆனால் புல்லைப் பார்த்தே பந்து எங்கே போகும் என்று சொல்லுவார் என்று எழுதினேன். ராத்திரிக்குள் பதில் வந்துவிட்டது. சான்றிதழ் தேவையில்லை, முப்பத்திரண்டு வருஷமே போதும், பெயரை மட்டும் சரியாக எழுதி அனுப்புங்கள், திங்கட்கிழமை கட்டணம் குறைவு, அன்றைக்கு வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். நான் வேண்டாம் என்று எழுதினேன். திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். புதன்கிழமை கொடுங்கள், கூடுதலாக எவ்வளவோ அதைக் கட்டுகிறேன் என்றேன். என் ஆயுசில் தெரிந்தே அதிகம் கொடுத்து வாங்கிய ஒரே டிக்கெட் இதுதான், ஒரு பைசாவுக்குக்கூட எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் அவரை உட்கார வைத்து, ஆட்டக்காரர் என்கிற இடத்தில் அவர் கையாலேயே எழுத வைத்தேன். ஆறு எழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டு, கேடி என்கிற இடத்தில் யாரைப் போடுவது என்று கேட்டார். அதை என்னிடம் விடுங்கள், அந்த ஊர் ஆள் ஒருவரைக் கட்டணத்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு வரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் நான் எழுதியது என் பெயரை.

சிரிக்காதே. பள்ளிப்பட்டுக்குப் போன் போட்டுத் தங்கவேல் அண்ணனை வரவழைத்தேன், உன் நைனா பல் டாக்டரைப் பார்க்கப் போன நேரமாகப் பார்த்து. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் துடைப்பத்தை எடுத்து மட்டையாக வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பை எந்தத் தோளில் தொங்க வேண்டும், மட்டையைக் கைப்பிடி அவர் பக்கம் இருக்கிற மாதிரி எப்படி நீட்ட வேண்டும், பந்தைத் துடைக்கிற துணி ஒரு பாதி ஈரமாக ஒரு பாதி காய்ந்ததாக இருக்க வேண்டும், குழியில் கொடியை எப்படிப் பிடிக்க வேண்டும், எல்லாம் சொன்னார். அடிக்கிற நேரத்தில் பின்னால் தள்ளி நில்லு, பேசாதே, அசையாதே, உன் நிழல் அவர் பந்துமேல் விழக் கூடாது, இதுதான் இந்த வேலையில் முதல் மரியாதை என்றார். போகும்போது வாசலில் நின்று, நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனுக்குப் பின்னால பையத் தூக்கிட்டு இன்னொருத்தர் நடக்கிறத நான் பார்த்ததில்லம்மா, ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பையும் ஏழு மட்டையும் ஆறு கிலோ சொச்சம் வருகிறது. அதனால் என் பழைய தோள்பையில் ஆறரைக் கிலோ புழுங்கல் அரிசியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாளாக விடியற்காலையில் மலைப்படி ஏறுகிறேன். விசாவுக்கு வேண்டுதல் என்று உன் நைனாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவும் பொய்யில்லை. மேலே ஒரு அம்மாள் இது அன்னதானத்துக்குக் கொண்டுவந்த அரிசி என்று நினைத்துப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அன்றைக்கு மட்டும் அரிசியை அங்கேயே கொடுத்துவிட்டு வெறும் பையோடு இறங்கினேன். முதல் நாள் ஒன்பது தடவை நின்றேன். நேற்று முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் இரண்டே தடவை. உன் அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று, ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

நீ ராத்திரி டியூட்டி முடித்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அந்தப் பழக்கத்தை விடு. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் வருகிறது. நைனாவுக்குப் புது ஷூ வாங்கி வைக்காதே, திங்கட்கிழமை ஷூவைத்தான் போடுவேன் என்கிறார், போடட்டும். வருஷப் பிறப்பன்று உன் வீட்டில் பாயசம் வைத்துவிட்டு, மறுநாள் சித்திரை இரண்டு, புதன்கிழமை, எட்டு ஐந்து பேருந்து, மறந்து அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், உன் கைப்பட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், தணிகை வேலன் துணை இருப்பான்.

ஒரே ஒரு வேலை உனக்கு. பத்து நாற்பதுக்கு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் போய் நின்று, பையை யார் கொண்டுவருகிறார் என்று திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பந்து பக்கம் திரும்பிக்கொள்வார், அதற்கப்புறம் அவர் முகம் எனக்குத் தெரியாது, நான் பின்னால்தான் நிற்க வேண்டும். நீ முன்னால் நின்று அந்த முகத்தை எனக்காகப் பார்த்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலா பரந்தாமன்