பட்டை அழிந்த கார்டு

ஜூலை 21, திங்கள்

என் கிரெடிட் கார்டை நானே கொன்றுவிட்டேன்.

நாள் முழுக்க நான் சொல்லும் பாட்டு ஒன்றுதான்: மோதிரம், சங்கிலி, ஹேர்பின், சாவி, பர்ஸ், கார்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாங்க. நான் வேலை பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் இருப்பது பெரிய காந்தம். அது எப்போதும் விழித்திருக்கும். இன்று ஒரு பெரியவர் மேடையில் படுத்ததும் பயந்துபோய், "அம்மா, கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். கோட்டுப் பையில் இருப்பதை மறந்து உள்ளே ஓடினேன். கேன்டீனில் காபிக்குக் கொடுத்த கார்டு அதில்தான் இருந்தது.

சாயங்காலம் மளிகைக் கடையில் தேய்த்தால் மெஷின் கத்துகிறது. அவர்களிடம் இன்னும் பழைய மெஷின்தான், கார்டின் காந்தப் பட்டையைத் தேய்க்க வேண்டும். பட்டை காலி. ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. நாளை அவள் காதுக்கு இது எட்டினால் நோயாளிகளுக்கெல்லாம் ஒலிபரப்பாகிவிடும்.

கார்டு கம்பெனிக்குப் பேசினேன். இனிமையான குரலில் ஒரு பெண். புதுக் கார்டு வரும், நம்பர் மாறும், பாக்கியும் பாயிண்டும் தானாகப் புதுக் கார்டுக்கு வந்துவிடும் என்றாள்.

"மாசாமாசம் என் பேங்க்ல இருந்து தானா கட்டிக்குமே, அது?"

"அதுவும்தான் மேடம். நீங்க எதுவுமே செய்ய வேண்டாம்."

எதுவுமே செய்ய வேண்டாம் என்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 2, சனி

புதுக் கார்டு வந்தது. ஊதா நிறம். பழையதை நான்காக வெட்டிப் போட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்காரம்மா வந்தார். வழக்கம்போல் முதல் பார்வை சுவர்களுக்கு. குடிவந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. எங்கள் சுவர்க் கடிகாரம் ஃபிரிட்ஜின் தலைமேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கதவை ஓங்கிச் சாத்தினால் குப்புற விழும். அப்போதெல்லாம் என் கணவர், "நேரம் சரியில்ல" என்பார்.

இன்று வீட்டுக்காரம்மா சுவர்களைப் பார்த்து முடித்து உட்கார்ந்தார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம், வீட்டை விற்கிறார். "ஒருத்தர் கையில பணத்தோட நிக்கிறார். ஆனா நீங்க சுவரை அழுக்காக்காம வச்சிருக்கீங்க. செப்டம்பர் கடைசி வரைக்கும் உங்களுக்குத்தான் முதல் உரிமை. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவர் போனதும் நாங்கள் இருவரும் வீட்டைச் சுற்றி வந்தோம், முதல் தடவை பார்க்கிற மாதிரி. சமையலறை ஜன்னலில் காலை வெயில் இவ்வளவு விழுமா? மகள் மட்டும் நேரே கேட்டாள்: "வாங்கிட்டா என் ரூம்ல பெயின்ட் அடிக்கலாமா?"

வாங்க வேண்டும். வாங்குவோம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வங்கியில் வீட்டுக்கடன் அதிகாரியைப் பார்த்தோம். பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறவர். என்னுடைய கடன் வரலாற்றைத் திரையில் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. இப்படியே வச்சுக்கோங்க. கையெழுத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். கையெழுத்து செப்டம்பர் 26 என்று நாள் குறித்தாயிற்று.

என் கணவருக்கு ஒரே பெருமை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர், துல்லியத்தின் மேல் தீராத மோகம். வழியெல்லாம் "சுத்தமா இருக்குன்னு சொன்னார் பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

கார்டுப் பணம் கட்டப்படவே இல்லை.

கெடு போன மாதம் 25. வேலை முடிந்து லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்தால் செய்தி: தாமதக் கட்டணம், வட்டி, உடனே செலுத்தவும். முதலில் ஏமாற்றுச் செய்தி என்றே நினைத்தேன். கணக்கைத் திறந்து பார்த்தேன். இல்லை, நிஜம். வங்கியில் பணம் அப்படியே கிடக்கிறது. மாதாமாதம் தானாகக் கட்டும் ஏற்பாடு பழைய கார்டு நம்பரோடு நின்றுபோயிருக்கிறது. நான் நான்காக வெட்டிப் போட்டேனே, அந்த நம்பரோடு.

இடையில் இரண்டு நினைவூட்டல்கள் வந்திருக்கின்றன. பார்த்திருக்கிறேன். தானாகத்தான் போகுமே என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

லாக்கர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முழுத் தொகையையும் கட்டினேன். பணம் இல்லாம கட்டாம விட்டா ஒரு நியாயம். பணத்தை வச்சுக்கிட்டே... சே. இருபத்தி ஆறாம் தேதி அந்த மனுஷன் திரும்பப் பார்ப்பாரே, என்ன சொல்றது?

செப்டம்பர் 5, வெள்ளி

மதிய இடைவேளை முழுக்கக் கஸ்டமர் கேர். ஓர் இளைஞன்.

"கார்டு மாறினா ஆட்டோ பே நீங்கதான் மேடம் புதுசா போடணும்."

"தானா மாறிடும்னு உங்க ஆளுதான் சொன்னாங்க. ஜூலை இருபத்தி ஒண்ணு. பேசுறதெல்லாம் பதிவாகும்னு எடுத்த உடனே சொல்றீங்களே, அதைக் கேட்டுப் பாருங்க."

"அந்த வசதி எங்ககிட்ட இல்ல மேடம். வேணும்னா லேட் ஃபீஸ்ல பாதி குறைக்க ரெக்வெஸ்ட் போடுறேன். கூடவே ஒரு இன்ஷூரன்ஸ் திட்டம் இருக்கு..."

காலில் விழுந்தவனுக்குச் செருப்பு விற்கிறான். வேண்டாம் என்றேன். புகாராகப் பதிவு செய், எண்ணைச் சொல் என்றேன். சொன்னான். திருப்பிப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"இதுக்கே மூச்சு வாங்குது தம்பி, வச்சிடு."

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டில் சண்டை. கடன் அதிகாரியிடம் நாமே சொல்லிவிடலாம் என்றேன் நான். "அவங்களா கேட்டா சொல்லிக்கலாம். நீயா போய் ஏன் வாயைக் கொடுக்கிற?" என்றார் கணவர்.

"கையெழுத்துப் போடற அன்னைக்குத் தெரிஞ்சா, மறைச்சோம்னு ஆகாதா?"

அவர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். கடிகாரம் குப்புற விழுந்தது.

பர்மிஷன் போட்டுத் தனியாகவே வங்கிக்குப் போனேன். அதிகாரி பேனா மூடியை மூடி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். தாமதம் பதிவானால் எங்கள் ஃபைல் வங்கியின் கடன் கமிட்டிக்குத் திரும்பும் என்றார். கமிட்டி அடுத்த மாதக் கடைசியில்தான் கூடும். வீட்டுக்காரம்மா அதுவரை காத்திருக்க மாட்டார்.

"ஒரு வழி இருக்கு. தாமதம் எதனால ஆச்சுன்னு கார்டு கம்பெனி எழுத்துல தரட்டும். தப்பு அவங்க பக்கம்னு அதுல இருந்தா நானே முடிச்சிடுவேன். நீங்க எழுதிக் கொடுத்தா செல்லாது."

எழுத்தில். 26க்குள். சரி.

செப்டம்பர் 11, வியாழன்

கார்டு கம்பெனியின் செய்தி: "தங்களைத் தொடர்புகொள்ள முயன்றோம், இயலவில்லை. தங்கள் புகார் முடிக்கப்பட்டது."

காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நேரமும் என் ஃபோன் லாக்கரில். முன்பு வேலை பார்த்த ஒருவருடைய ஃபோன் பறந்துபோய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டதிலிருந்து எங்கள் சென்டரில் அதுதான் சட்டம். பணம் கட்டு என்று சொல்ல இருபது செய்தி அனுப்பத் தெரிகிறது. எப்போ பேசலாம்னு கேட்டு ஒரு செய்தி அனுப்பக் கூடாதா?

அழுகை வந்தது. மகள் பார்த்துவிட்டாள். வெங்காயம் என்றேன். அடுப்பில் பால்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

மறுபடி புகார். புது எண். பகலில் சென்டரின் நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்றேன். பதிவு செய்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவோம் என்றார்கள். அப்படியானால் அதையும் பதிவு செய்யுங்கள் என்றேன். அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஓர் ஓ.டி.பி., ஓ.டி.பி. வருவதற்குள் லைன் கட். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முயற்சியில் முடிந்தது.

சாப்பிடவில்லை. வானொலி தன் டப்பாவில் பாதியைத் தள்ளினாள். "எந்தக் கம்பெனி, அக்கா? கூப்பிடட்டும், நான் பாத்துக்கறேன்." அவள் பார்த்துக்கொள்வாள் என்பதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 17, புதன்

செய்தி வந்தது. நல்லெண்ண அடிப்படையில் தாமதக் கட்டணமும் வட்டியும் முழுக்கத் திருப்பித் தரப்படுகின்றனவாம்.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா! ஜெயிச்சிட்ட. விடு இத்தோட."

"நான் கேட்டது இது இல்லீங்க. நல்லெண்ணம்னா தப்பு என்னோடது, போனாப் போகுதுன்னு விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அதை அந்த ஆபீசர் முன்னாடி நீட்ட முடியுமா?"

அவர் மேஜையைத் துடைத்து, என்னுடைய பழைய லேப்டாப்பை எடுத்து வைத்தார். இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். பணம் வந்தது, நன்றி. என் கோரிக்கை அது அல்ல. ஜூலை 21 அன்று உங்கள் ஊழியர் என்னிடம் சொன்னதைக் கேட்டு, நடந்ததை எழுத்தில் தாருங்கள். புகாரை முடித்துவிட வேண்டாம்.

நான் 'தயவுசெய்து' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். ஒன்று போதும் என்று மற்றதை எடுத்தார். லென்ஸ்காரர் புத்தி.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட நேரத்தைப் பாருங்கள்!

மேடையில் ஒரு பஸ் டிரைவர். கழுத்துக்கு ஸ்கேன். ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் எழுந்து ஓடியவர். "இத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டுறேன், இந்தக் குழாய்க்குள்ள இருக்க முடியலம்மா" என்று வெட்கப்பட்டார். அவர் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள், கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டேதான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். உள்ளேயிருந்து பார்க்க அவருக்குச் சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதில் தெரிவது என் முகம்தான்.

கதவு திறந்து வானொலியின் தலை. "அக்கா, கார்டு கம்பெனி! பெரிய ஆபீசராம். லைன்ல இருக்கார், சீக்கிரம்!"

நகர்ந்தால் டிரைவர் பந்தை அமுக்குவார். மூன்றாம் தடவையும் ஓடுவார். நகராவிட்டால், தொடர்புகொள்ள இயலவில்லை. ஒரு கணம் கால் வாசல் பக்கம் திரும்பியது உண்மை.

"இவர் முடியட்டும். எப்படியாவது பிடிச்சு வை."

மீதி நேரம் முழுக்க டிரைவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை எப்படித்தான் முகத்தில் ஒட்டி வைத்தேனோ. முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்து, "அவ்வளவுதானா?" என்றபோது எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓடினேன். வானொலி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "...உக்காந்தே வேலை பார்த்தா அப்படித்தான் சார், காலுக்கு இறங்குதா வலி? இந்தா, எங்க அக்காவே வந்துட்டாங்க."

வாங்கினேன். அந்தப் பக்கம் நிதானமான ஆண் குரல். "வணக்கம் மேடம். உங்க ரிசப்ஷன்ல எனக்கு முதுகு ஸ்கேன் கிட்டத்தட்ட புக் பண்ணிட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஒருவர் பயந்துகொண்டிருந்தார், விட்டுவிட்டு வர முடியவில்லை என்றேன்.

"பரவாயில்ல. சொல்லுங்க, பணம் வந்துடுச்சுன்னு இங்க காட்டுதே. இன்னும் என்ன சலுகை வேணும்?"

"சலுகை வேண்டாம் சார். நான் கேட்டேன், உங்க ஆளு ஒரு பதில் சொன்னாங்க. அதை நம்புனேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தாங்க. இல்ல, பதிவைக் கேட்ட பிறகு தப்பு என்னுதுன்னு தோணுச்சுன்னா அதையும் அப்படியே எழுதுங்க. வாங்கிக்கறேன்."

"பதிவு வேற டிபார்ட்மெண்ட் மேடம். வாங்கிக் கேட்டுட்டுத் திங்கட்கிழமை..."

"இப்பவே கேளுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் சிரிப்பு. "யாரு யாரை அதிக நேரம் காக்க வைக்கிறதுன்னு போட்டியா?"

"நீங்க எனக்காக இருந்தீங்களே. நானும் இருக்கேன்."

இருந்தேன். அடுத்த நோயாளியைச் சக ஊழியர் பார்த்துக்கொண்டார். ஃபோனில் ஏதோ வாத்திய இசை சுற்றிச் சுற்றி வந்தது. வானொலிகூட ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "கேட்டேன் மேடம். நீங்க தெளிவாத்தான் கேட்டிருக்கீங்க. எங்க பொண்ணுதான் தப்பாச் சொல்லியிருக்கு. எழுதித் தர்றேன்" என்றார்.

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுத்து யாருக்கும் அவள் அப்படிச் சொல்லாமல் இருக்கட்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கடிதம் இன்னும் வரவில்லை. கணவர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

செப்டம்பர் 24, புதன்

மெயிலில் வந்தது. ஒரே பத்திதான். எங்கள் ஊழியர் அளித்த தவறான தகவலால் ஏற்பட்ட தாமதம். வாடிக்கையாளரின் பொறுப்பு அன்று. தாமதம் எனக் கடன் வரலாற்றில் குறித்தது திருத்தப்படுகிறது.

ஆட்டோ பே ஏற்பாட்டைப் புதுக் கார்டுக்கு நானே போட்டேன். போட்டதும் உள்ளே போய்ப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன். இனி 'தானாக' என்ற வார்த்தையைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கடன் அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். துளை போட்டு ஃபைலில் கோத்தார். பேனா மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். வாரத்தில் ஆறு நாளும் ஸ்கேன் அறைக்குள் ஒரு ஹேர்பின்கூட வராமல் காவல் காக்கிறவள், இன்று வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டு நின்றேன்.

முதல் அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பழக்கதோஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் இல்லை.

கடிகாரம் கொஞ்சம் சாய்ந்துதான் தொங்குகிறது. லென்ஸ்காரருக்குக் கண் உறுத்துகிறது. "வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்கிறார். இருக்கட்டும், சாயங்காலம் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கலாம். மகளோ பெயின்ட் அட்டையை விரித்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றுகிறாள்.