வேலைப் பை கதவுக்குப் பின்னால்

இவளே,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பாப்பா பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறாள்.

குடியை விடுகிறவர்கள் கூடும் இடத்தை நீதான் அலைந்து கண்டுபிடித்தாய். போன வாரம் அங்கே போயும் நான் மாடி ஏறவில்லை என்று தெரிந்ததிலிருந்து நீ பேசுவதில்லை. நடந்தது இதுதான். என் வேலைப் பையைப் பார்த்ததும் வாட்ச்மேன், "லிஃப்ட் பாக்க வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்களை எல்லாம் நானே லிஃப்டில் ஏற்றி அனுப்பினேன். பிறகு கூட்டம் முடிகிறவரை, நன்றாக ஓடுகிற லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறேன். வாட்ச்மேன் கேட்டால் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது வந்தால், நாளைக்கு வருவார் என்று சொல்.

பாப்பா கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லாதே. உள்ளதைச் சொல்.

இன்னொன்று. கூட்டம் ஏழு மணிக்கு. அதுவரை கீழே லிஃப்டுக்கு முன்னால்தான் நிற்பேன். முடிந்தால் வா. என்னோடு பேச வேண்டாம். மேலே போகிற பட்டனை மட்டும் நீ அழுத்து.