மாடுகள் தின்ற வேட்பாளர்

வடிவுடையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நண்பா, இனி நான் எழுதப்போவதை ஒரு மனிதனும் நம்பமாட்டான். இன்று காலை காலடிப்பேட்டை மார்க்கெட் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த தேர்தல் சுவரொட்டியை ஒரு மாடு முகர்ந்து பார்த்தது. தும்மிவிட்டு விலகிப் போனது. அந்த ஈரப் பசை வாடையில் உன் ஞாபகம் வந்துவிட்டது.

எண்ணூர்க் கழிமுகத்தில் எந்த ஆலை எந்தக் குழாய் வழியாக எதைக் கொட்டுகிறது என்று படம் வரைந்து கோர்ட்டில் கொடுத்த பொறியியல் பேராசிரியன் நீ. பரிசாக உன் மேல் பொய் வழக்கு வந்தது. நார்வேயில் போய் ஒளிந்தாய். இருபத்திரண்டு வருஷம் கழித்து வழக்கு தள்ளுபடியானதும், சுயேச்சையாகக் கவுன்சிலருக்கு நிற்கப்போவதாக வந்து இறங்கினாய். துறைமுகத்துக் கிரேன்கள் அத்தனையும் குனிந்து கும்பிட்டன. எண்ணூர் இறால்கள் கரையேறி வரிசை கட்டின. நான் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வார்டு என்னுடையது அப்பா! கண்டவனுக்கெல்லாம் முப்பது வருஷம் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டியவன் நான். ஒருநாள் என் மூஞ்சியும் அந்தச் சுவரில் வரும் என்று காத்திருந்தவன். உனக்கோ வந்த அன்றே தெருவெல்லாம் ஆரத்தி. கற்பூர வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து மூன்று கப்பல்கள் நம் தெருப்பக்கம் திரும்பின. முதல் தட்டு யார் கையில்? என் மனைவி கையில்.

“இன்னாடி, கட்ன புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்?”

“நீயும் எலெக்சன்ல நில்லு, சுத்துறேன். இப்ப ஓரமா நவுரு, பொகை அண்ணன் மேல படட்டும்.”

நீ சிரித்தாய். அத்தனை வருஷம் பனியில் கிடந்தும் உன் பேச்சு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கவில்லை.

“மாமு, பசை டிபார்ட்மென்ட் உன்து. அதுல உன்ன வுட்டா வேற இன்னா எஞ்சினீரு கீறான்?” என்றாய். பெருமையாக இருந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும். அந்த நீலத் தூளின் கசப்பு இல்லையென்றால் ஊர் மாடுகள் சுவரொட்டியை அப்பளம்போல் தின்றுவிடும். பாலம் கட்டப் படித்த உனக்கு அது தெரியாது.

பிரச்சாரம் முடிய ஒரே நாள் இருக்கையில், ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டி முடித்தேன். விடிந்து பார்த்தால் வார்டு முழுக்க உன் முகத்தை மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. விஷயம் கேள்விப்பட்டுச் சாத்தாங்காட்டிலிருந்து லாரி பிடித்து வந்த மாடுகளும் உண்டு. ஒரு சுவரில் உன் மூக்குக்கண்ணாடி மிஞ்சியது. இன்னொன்றில் இஸ்திரிப்பெட்டிச் சின்னத்தின் கைப்பிடி. அன்று மாலையோடு பிரச்சாரம் முடிவதால் மறுபடி அச்சடிக்க நேரமில்லை. சின்னம் எது என்று தெரியாமலே ஜனங்கள் ஓட்டுப் போடப் போனார்கள். தோற்றாய்.

“வயசாயிட்ச்சு. துத்தத்த மறந்துட்டேன்பா,” என்றேன்.

“வுடு மாமு. மாடு துன்ன மொத வேட்பாளரு நான்தான்!”

தெருவே சிரித்தது. ஜெயித்தவன் வீட்டில் மாலை வாட, தோற்ற உன்னைச் சுற்றி அவ்வளவு கூட்டம். அதைப் பார்த்தும் எரிந்தேன்.

அடுத்த மழைக்காலம் வருமுன் மாரடைப்பில் போய்விட்டாய். உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் பசை காய்ச்சியவன் நானே. துத்தத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். ஒரு மாடும் வாய் வைக்கவில்லை. மழை வந்து கரைக்கும்வரை, டீ குடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் உன் சிரிப்பைத் தாண்டித்தான் போனேன். இன்றும் அந்தச் சுவர் வந்தால் தலை தானாகக் குனிகிறது.

கப்பலையும் இறாலையும் நீ நம்ப வேண்டாம். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அன்று பசை கொதிக்கும்போது துத்தப் பொட்டலம் என் மடியில்தான் இருந்தது, நண்பா. நான் மறக்கவில்லை.