ஒரு சாண் ஈரம்

அனுப்புநர்:
சோ. மாரிக்கனி,
க/பெ சோலைச்சாமி (காலமானவர்),
வடக்குத் தெரு, வன்னியம்பட்டி,
திருவில்லிபுத்தூர் வட்டம்.

பெறுநர்:
வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
திருவில்லிபுத்தூர்.

பொருள்: சீல் உடைக்காத சமையல் கேஸ் சிலிண்டரை என் வீட்டில் வைத்து எடை போடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இராஜபாளையம் நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் பஞ்சுத் தூசியில் நின்று நுரையீரல் கெட்டுப்போனவர். விறகுப் புகை அவர் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கேஸ் வசதிக்காக அல்ல, அவர் மூச்சுக்காக.

2. நான் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில் வேலை செய்கிறேன். கழிவுத் துணியை நனைத்துச் சிலிண்டரைத் துடைத்தால் கேஸ் இல்லாத மேல்பாகம் சட்டென்று காயும்; கேஸ் உள்ள உயரத்துக்கு ஈரம் நிற்கும். எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பார்ப்போம். 10.09.2025 அன்று வந்த சிலிண்டரில், இரண்டு சாண் நிற்க வேண்டிய ஈரம் ஒரு சாண்தான் நின்றது. சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன்.

3. கொண்டுவந்த பால்பாண்டி, எடை மெஷின் வண்டியில் இல்லை என்றார். “சீலை ஒடச்சு எரிச்சுப் பாருங்கக்கா, கொறஞ்சா பொறவு பேசிக்கிடலாம்” என்றார். நம்பி உடைத்தேன். 29.09.2025 அன்று தீர்ந்துவிட்டது. சிலிண்டரோடு ஏஜென்சிக்குப் போனேன். சீல் உடைத்த பிறகு எடை பார்க்க முடியாது, ஈரத்துணி ஆதாரமாகாது, அடுத்த சிலிண்டர் பதிய இன்னும் நாள் ஆகவில்லை என்றார்கள். எரிக்காமல் கேட்டால் எரித்துப் பார் என்கிறார்கள், எரித்துவிட்டுக் கேட்டால் ஏன் எரித்தாய் என்கிறார்கள். நான் எப்போதுதான் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஐயா அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

4. இரவல் வாங்கிய கரண்ட் அடுப்பை எங்கள் வீட்டு ஒயரிங் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் மதினி நான்கு நாள் தன் அடுப்பில் கஞ்சி காய்ச்சித் தந்தார். 04.10.2025 புரட்டாசிச் சனி. மதினி குடும்பத்தோடு, நம் வட்டத்திலேயே உள்ள திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைக் கும்பிடப் போய்விட்டார். என் கணவர் பசியோடு இருந்தார். வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி விறகு மூட்டினேன். கதவைச் சாத்தி, இடுக்கையெல்லாம் ஈரத்துணியால் அடைத்துவிட்டுத்தான் மூட்டினேன். தூறல் விழுந்து விறகு புகைந்தது. கஞ்சியோடு உள்ளே போனபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. விறகு மூட்டிய கை என்னுடையது. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

5. 18.10.2025 அன்று, பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், புதுச் சிலிண்டர் வந்தது. துடைத்துப் பார்த்தேன். அதே ஒரு சாண்.

இந்தச் சீலை நான் உடைக்கவில்லை. தராசோடு ஒருவரை அனுப்பி, ஏஜென்சிக்காரரையும் வரவழைத்து, எடை போட்டு, வந்த எடையை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அவசரம் என்று சொல்லவும் இனி எனக்கு வழியில்லை. ஐயா வரும்வரை விறகிலேயே பொங்கிக்கொள்கிறேன், வீட்டுக்குள்ளேயே. புகை ஆகாதவர் இப்போது வீட்டில் யாரும் இல்லை.

இடம்: வன்னியம்பட்டி
நாள்: 23.10.2025

இப்படிக்கு,
சோ. மாரிக்கனி