கார்வார் கடலில் நான் துடுப்புப் போட்ட காலை

மாரிகுப்பம்,
பிப்ரவரி 2

அன்பு மகள் வாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், உன் அண்ணன் ராஜ்குமாரும் அவன் வீட்டில் எல்லோரும் சுகம். அந்த ஹாலிஃபாக்ஸ் பனியில் நீயும் மாப்பிள்ளை நந்தகுமாரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை ஆரம்பிக்கிறேன். தினம் போனில் பேசுகிறோமே, இன்னாத்துக்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், அழுவாய், என் போனை வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிடுவாய். காகிதத்தில் இருந்தால் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா உன்னை விசாரித்தாள், அவள் மகனுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்து அவனும் இப்போது காலை ரயில்தான், நான் பதினெட்டு வருஷம் போன அதே ரயில். குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, நான் ஒருத்திதானே, போதும்.

போன மாதம் கார்வாருக்கு நம் பிரதாப் வீட்டுக்குப் போனேன் அல்லவா, அவன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு என்று. கேக் வெட்டிய போட்டோக்களை உனக்கு அனுப்பினேன். மறுநாள் நடந்ததை உனக்கும் சொல்லவில்லை, ராஜ்குமாருக்கும் போன ஞாயிறு வரை சொல்லவில்லை. என் தம்பி மகன் அங்கே கடலோரத்தில் என்ன வேலை செய்கிறான் என்று நமக்கெல்லாம் சரியாகத் தெரியாது இல்லையா, ஏதோ படகு வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவனும் எரிக் என்கிற பையனும் சேர்ந்து கயாக் வைத்திருக்கிறார்கள். துடுப்பால் தள்ளிப்போகிற சின்னப் பிளாஸ்டிக் படகு, அதில் உட்கார்ந்து தூண்டில் போட ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். பிறந்தநாளுக்கு மறுநாள் விடிந்ததும் பிரதாப், வாங்க அத்தை, ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடலாம் என்றான். நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் மனைவி ஷில்பா, அத்தையை விடுங்க, அவங்களுக்குக் கை சரியில்லைன்னு ராஜ்குமார் அண்ணன் சொல்லியிருக்காரே என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஷில்பாவின் சுடிதாரையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், அறுபது வயதுக்கு ஒரு வயது குறைவாக இருக்கிறவள், கண்ணாடியில் பார்த்து நானே சிரித்தேன்.

அந்த வளைகுடாவை நீ பார்க்க வேண்டும் வாணி. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் ஆறு வந்து கடலில் விழுகிற இடம், நடுவில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, தூரத்தில் ஒரு தீவு. மஞ்சள் நிறக் கயாக், முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. பிரதாப் எனக்கு மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி முன்னால் உட்கார வைத்தான். அவன் பின்னால், அவன் காலடியில் இரண்டு பெடல், அதை மிதித்தால் படகு திரும்பும். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்ததால் தள்ளவே வேண்டியிருக்கவில்லை, வெண்ணெய் மாதிரி போனது. இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கிற துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டினான், கையால் இழுக்காதீங்க, உடம்பைத் திருப்பி இழுங்க என்றான். சும்மா விளையாட்டுக்கு நானும் நாலு தடவை போட்டேன். பிறகு தூண்டிலை என் கையில் கொடுத்தான். கால் மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாரை மீன் மாட்டியது. உங்கள் அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். நானே இழுத்து, நானே எடுத்தேன். உன் அப்பா போன இந்த இரண்டு வருஷத்தில் அப்படி வாய்விட்டு நான் சிரித்ததில்லை.

அடுத்து பிரதாப் தூண்டிலில் கனமாக ஒன்று மாட்டியது. பத்து நிமிஷம் எங்களைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, திருக்கை மீன், சமையலறை முறம் அளவுக்கு. வேண்டாம், விட்டுவிடலாம் என்று குனிந்து தூண்டில் நரம்பை வெட்டப்போனான், அது வாலைச் சுழற்றி ஒரே அடி. வாலில் முள் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வலது கை மணிக்கட்டுக்கு மேலே கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் கத்தக்கூட இல்லை, மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே மடங்கிவிட்டான். நான் திரும்பி உட்கார்ந்து துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நின்றது, வலி நிற்கவில்லை, தோள் வரைக்கும் ஏறுகிறது என்றான், விரல்கள் வீங்கிக்கொண்டே வந்தன. துடுப்பை எடுத்தான், அது கையை விட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது, கயிறு கட்டியிருந்ததால் தப்பித்தது. போன் பையில் பத்திரமாக இருந்தது, எரிக்கைக் கூப்பிட்டான். அவர்களுடைய ஒரே மோட்டார் படகு தீவுக்குப் பின்னால் ஆட்களோடு போயிருக்கிறது, திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றான் எரிக், இருந்த இடத்திலேயே இருங்கள் என்றான். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் தீவைப் பார்த்தேன். முதலில் பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இருந்த இடத்தில் நாங்கள் இல்லை, காற்று எங்களை வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கரையில் தென்னை மரங்கள் தீக்குச்சி மாதிரி நின்றன, இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

பிரதாப்புக்கு உதடு வெளுத்துவிட்டது. கைல பிடி இல்ல அத்தை, இன்னா பண்றதுன்னே தெரியல என்றான். எனக்கு நீச்சல் தெரியாது, அது உனக்குத் தெரியும். பயம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அவனைப் பார்த்தேன், அவனுக்கு ஒரு வயதில் குழந்தை.

“காலு ரெண்டும் நல்லாத்தான கீது?” என்றேன். “நீ திருப்பு. நான் தள்றேன்.”

அவன் வேண்டாம் அத்தை, உங்க கை என்றான். அக்டோபரில் குழாயடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியதைத்தான் சொன்னான். அந்தக் கைக்கு என்ன ஆனது என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. கார்மென்ட்ஸில் பதினெட்டு வருஷம் அயர்ன் டேபிளில் நின்றவள் நான், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சட்டை என்று சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பான், தோளால் மட்டும் வேலை செய்தால் பகல் சாப்பாட்டுக்கு முன்பே கை செத்துப்போகும், இடுப்பிலிருந்து உடம்பைக் கொடுத்துச் செய்தால் சாயங்காலம் வரை தாங்கும். துடுப்பும் அப்படித்தான் இருந்தது. காலர், கை, முதுகு என்று சட்டை தேய்க்கிற வரிசையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். முதல் நூறு தடவைக்கு நகர்ந்தோமா இல்லையா என்றே தெரியவில்லை. ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினேன், நான் பத்து எண்ணுவதற்குள் படகு பின்னால் போவது தெரிந்தது, நான் சம்பாதித்த தூரத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போகிறது. அப்புறம் நிறுத்தவே இல்லை.

பாதி தூரத்தில் பிரதாப் வாந்தி எடுத்தான். பெடலில் அவன் கால் தளர்ந்தது, படகு பக்கவாட்டில் திரும்பி ஒரு அலை மடிமேல் ஏறியது. கவிழ்ந்தோம் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கண் சொருகுகிறது. துடுப்பை நிறுத்தாமல் அதட்டினேன். பெங்களூரிலிருந்து நம்ம ரயில் நிக்கிற ஸ்டேஷன் எல்லாம் சொல்லு என்றேன், காலேஜுக்கு மூன்று வருஷம் என்னோடு அந்த ரயிலில் வந்தவன்தானே. கன்டோன்மென்ட் என்று ஆரம்பித்தான், பையப்பனஹள்ளி, கே.ஆர்.புரம், நாக்கு குழறியது. ஒவ்வொரு பெயருக்கும் காலை அழுத்து என்றேன். அழுத்தினான், முனை மறுபடி கரையைப் பார்த்தது. மாலூர், டேக்கல் என்றான்.

“நடுவுல பேட்ராயனஹள்ளிய விட்டுட்ட. மொதல்லருந்து சொல்லு.”

“அத்தை, அது எல்லா வண்டியும் நிக்காது” என்றான். அந்த நிலைமையில் என்னோடு சண்டை போட்டான் பார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது, இவன் பிழைத்துக்கொள்வான் என்று. மூன்று முறை மாரிகுப்பம் வரை வந்தோம். நாலாவது முறை சாம்பியன் ஸ்டேஷன் சொல்லும்போது கரையில் பெரிய வலை இழுக்கிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து முனையைப் பிடித்து மணலில் ஏற்றினார்கள். நான் இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், விரல்கள் துடுப்பைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன, விரியவில்லை.

அங்கே மமதா என்று ஒரு மீன்காரப் பெண், காயத்தைப் பார்த்ததும் திருக்கைதானே என்று கன்னடத்தில் கேட்டாள், பிஸி நீரு, பிஸி நீரு என்று டீக்கடையைப் பார்த்து ஓடினாள். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் கொண்டுவந்து அவன் கையை அதில் அமுக்கி வைத்தாள், ஆற ஆற மாற்றினாள். அரை மணி நேரத்தில் வலி பாதியாக இறங்கிவிட்டது என்றான். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரி, உள்ளே இருந்த முள் துண்டை எடுத்து ஏழு தையல் போட்டார்கள், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது விரல் ஐந்தும் மடங்குகிறது, நேற்று போனில் சொன்னான், பயப்படாதே. ஷில்பா எங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள், திட்டிக்கொண்டே என் தலையை வாரிப் பின்னிவிட்டாள், ஏனென்றால் நாலு நாள் என்னால் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. வேடிக்கை கேள், பிசகின மணிக்கட்டு வலிக்கவே இல்லை, வலித்ததெல்லாம் நல்ல கைதான்.

இனி எதற்காக இதையெல்லாம் எழுதினேன் என்று சொல்கிறேன். நான் விழுந்ததிலிருந்து நீயும் அண்ணனும் பேசிப் பேசி, இந்த மாதம் பதினைந்தாம் தேதி என்னை இங்கிருந்து எடுத்துக்கொண்டுபோய் அவனுடைய பதினோராவது மாடி வீட்டில் வைப்பதாக முடிவு செய்தீர்கள். என்மேல் உள்ள அக்கறையால் செய்தீர்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் தலையாட்டினேன். விழுந்த பயத்தில் ஆட்டினேன். அதற்கு அப்புறம் கடைக்குப் போவதற்குக்கூட ராஜ்குமாரிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் வந்துவிட்டது எனக்கு, அதை நீங்கள் கேட்கவில்லை, நானே செய்தேன். கார்வாரிலிருந்து திரும்பும் ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். நான் போகவில்லை வாணி. போன ஞாயிறு ராஜ்குமார் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லி இதையும் சொன்னேன். உனக்கு எதனா ஆயிருந்தா நான் இன்னாம்மா பண்ணுவேன் என்று கேட்டான். எனக்கு ஒண்ணும் ஆவலப்பா, ஆனது பிரதாப்புக்கு என்றேன். அவன் கண் கலங்கியது, எனக்கும்தான், ஆனால் வார்த்தையை மாற்றவில்லை. சாமான் ஏற்றச் சொல்லியிருந்த டெம்போக்காரருக்கு நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பக்க நியாயத்துக்கு நானும் இறங்கி வந்திருக்கிறேன், குழாயடியில் சிமெண்டை வழுக்காதபடி கொத்திவிட்டாயிற்று, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி பதித்தாயிற்று, ஒரு சாவி பார்வதம்மாவிடம், காலை ஒன்பது மணிக்குள் நான் அவனுக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும். நிஜமாகவே முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்கு நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்களைக் கூப்பிடுவேன். அந்த நாள் எது என்று நான் சொல்கிறேன், நீங்கள் சொல்லாதீர்கள்.

அண்ணனோடு இதற்காகச் சண்டை போடாதே, அவன் ஏற்கெனவே நொந்துபோய்தான் இருக்கிறான், நீ போன் செய்து இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் காபியோடு படுத்துவிடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அதுதான் நான் தினம் விளக்கேற்றும்போது கேட்பது. ஜூலையில் உனக்கு எப்போது லீவு என்று தேதியைச் சொல், எனக்கு டிக்கெட் போடு, அங்கே நான் தனியாகத்தான் வருவேன், துணைக்கு யாரையும் தேடாதே. ஏர்போர்ட்டில் எனக்குச் சக்கர நாற்காலி சொல்லிவைக்காதே.

உன் அம்மா,
சுந்தரி