ஆறு துண்டாக ஒரு டச்சுச் சொல்

என் செல்ல வரதுக்கு,

நீ போனதிலிருந்து அப்பா திருப்பதி மலைக்குப் போவதில்லை. தீட்டுக் கழிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. கோயிலில் பாசுரம் சொல்ல ஆள் வந்து கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறார். சென்னையிலிருந்து உன்னை ஏற்றி வந்த வண்டி ஊரை நெருங்கி வடமாலபேட்டை தாண்டியபோதும், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்டார். நீ இறந்துவிட்டாய் என்று இந்த வீட்டில் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நாம் டச்சு படித்த கூத்து நினைவிருக்கிறதா? சின்ன வயதில் அப்பா பாசுரம் சொல்லிக்கொடுத்த சந்தை முறைதான்: ஒருவர் ஒரு முறை சொன்னால் மற்றவர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். நெதர்லாந்திலிருந்து போனில் நீ ஒரு முறை. திருப்பதியில் காய் நறுக்கிக்கொண்டே நான் இரண்டு முறை.

ஒரு நாள் அலுத்துக்கொண்டாய். "அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கறா. சொல்லோட எல்லாத் துண்டையும் ஒரே கனமா சொல்றேனாம். எவ்வளவு நீளச் சொல்லா இருந்தாலும் ஒரு துண்டைத்தான் நன்னா அழுத்தணுமாம்."

"பாசுரத்துல அப்படி அழுத்தியிருந்தா அப்பா குட்டியிருப்பார்டா" என்றேன்.

அப்புறம் அங்கே தங்குவதற்கான அனுமதியின் பெயரை வெட்டி வெட்டிப் பழகினோம். ஃபெர்-ப்ளைஃப்ஸ்-ஃபெர்-கு-னிங். இரண்டாம் துண்டில் அழுத்தம். அது கையில் கிடைத்த அன்று போனில் கத்தினாயே, அந்த அனுமதியில் நீ எத்தனை நாள்டா தங்கினாய்?

போன செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஒரு காகிதம் வந்தது. "சந்தகம் பெட்டண்டி" என்று தெலுங்கில் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூரியர்க்காரர் போனார். அப்பா உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"மேலே பெரிசா என்னமோ போட்டிருக்கே, படி."

உன் இறப்புச் சான்றிதழ். தலைப்பு ஒரே நீளச் சொல். நாம் பழகாத சொல்தான், ஆனாலும் என் வாய் தானாக வெட்டியது: ஓ-ஃபர்-லை-டன்ஸ்-அக்-த. மூன்றாம் துண்டில் அழுத்தினேன். ஒரு முறை சொல்லி, பழக்க தோஷத்தில் நிறுத்தினேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை திருப்பிச் சொன்னார். ஆறு துண்டும் ஒரே கனத்தில். குரல் பிசகவே இல்லை.

"என்ன அர்த்தம்மா?"

"சர்ட்டிபிகேட்டுப்பா."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் வெகு நேரம் முகம் கழுவினார். தெரிந்துதான் சொன்னாரா, வரது?

இனி எதுவும் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன்: அப்பா சொன்னதை நான் திருத்தமாட்டேன். அந்தச் சொல்லை அவர் முன்னால் இன்னொரு முறை சொல்லவும் மாட்டேன்.

ஒரு முறை சொல்லிவிட்டு, நீ திருப்பிச் சொல்வாய் என்று நிறுத்திய
உன் அக்கா,
கோதை