அழகம்மாள் சுட்ட ரொட்டி

உ
திருப்பரங்குன்றத்து முருகன் துணை

அவனியாபுரம்
பவ வருஷம், ஆடி 18

கூடப் பிறந்த அண்ணன் வெள்ளைத்துரைக்கு, தங்கச்சி அழகம்மாள் கும்பிட்டு எழுதுறது.

காகிதத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுறாதீங்க அண்ணே. உங்க கொழும்பு விலாசத்தை உங்க கூட்டாளி காசிமாயன்கிட்ட இருந்து வாங்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்க சத்தியம் வாங்கிட்டுப் போனீகளாமே. அந்த யாருக்கும்ல கூடப் பிறந்த தங்கச்சியும் சேர்த்தியான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுதிக் கொடுத்தாக.

நாலு வருஷம் ஆச்சு. என் தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டாந்தீக. மதுரையில நீங்க வேலை பார்த்த பேக்கரியில உங்க கையாலயே சுட்ட ரொட்டியையும் தட்டுல வச்சுக் கொண்டாந்தீக. பந்தியில அம்புட்டுப் பேரு இருக்கும்போது இவுக, "மச்சான் காலால மிதிச்ச மாவை நாங்க திங்கிறதில்ல"ன்னு சொல்லிட்டாக. எல்லாரும் சிரிச்சாக. நீங்க பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு, இனி இந்த வீட்டுச் சோத்தைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டுப் போனவுகதான். அந்த இலையை நான்தான் எடுத்தேன். வாய்க்கொழுப்பு பிடிச்ச மனுஷனைக் கட்டினதும் நான்தான், ரோசக்காரன் கூடப் பிறந்ததும் நான்தான். என்னை யாரு நினைச்சுப் பார்த்தீக?

போகட்டும். இப்ப அதுக்கு எழுதல. வீட்டுல ஒருத்தருக்கு மேலுக்கு முடியல. கஞ்சி இறங்கல, ரொட்டி கொடுங்கன்னு டாக்டர் சொல்றாரு. டவுனுல வாங்கிட்டு வந்தா மறுநாளே காஞ்சு போகுது. வீட்டுலயே சுட முடியுமா? எப்படின்னு எழுதுங்க.

உங்களுக்கு ஒரு மருமக பிறந்திருக்கா. பேரு தங்கப்பொண்ணு. மூணு வயசாகுது. உங்க மூக்கு.

உங்க பதிலுக்குக் காத்திருக்கும்
அழகம்மாள்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
ஆவணி 6

தாயி அழகுக்கு,

உன் காகிதம் வந்துச்சு. யாருக்கு மேலுக்கு முடியலன்னு எழுதாம என்ன காகிதம் எழுதுற நீ? பிள்ளைக்கா? உனக்கா? மாப்ளைக்கா? மறு தபால்ல எழுது.

ரொட்டிக்குச் சொல்றேன், கேட்டுக்க. கோதுமை மாவைச் சலிச்சு எடுத்துக்க. உப்பு, கொஞ்சம் சீனி. அன்னைக்கு இறக்குன தென்னங்கள்ளை வடிகட்டி ஊத்திப் பிசை. கள்ளுதான் மாவைப் பொங்க வைக்கும். கையில ஒட்டாம வர்றவரைக்கும் பிசையணும். தோள் வலிக்கும், விட்டுறாதே. ஈரத்துணி போட்டு மூடி வை. உப்பி வந்ததும் அமுக்கி, மறுபடி உருட்டி, மறுபடி பொங்க விடு. பெறகு பெரிய மண்சட்டியில வச்சு, மூடி மேலயும் கீழயும் தணல் போடு. வெந்த ரொட்டியைப் புரட்டி அடியில தட்டினா, வெத்துப் பானையைத் தட்டின மாதிரி வெத்தாக் கேக்கணும். சுடச்சுட வெட்டாதே, உள்ளே களியாயிரும்.

பிசையிறது கையாலதான். எங்க பேக்கரியில யாரும் காலை வைக்கிறதில்ல. இதை நீ யாருக்கும் சொல்ல வேண்டாம். உனக்காகச் சொன்னேன்.

விடியிறதுக்கு முந்தி அடுப்பைத் திறக்கும்போது ஒரு வாசம் வரும் பாரு, அதுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அன்னைக்குச் சீர்த்தட்டுல கொண்டாந்ததும் அந்த வாசத்தைத்தான்.

மருமகளுக்கு என் மூக்கா? பாவம்.

இப்படிக்கு
வெள்ளைத்துரை


அவனியாபுரம்
புரட்டாசி 3

அன்பான அண்ணனுக்கு,

நீங்க காகிதம் எழுதினதே எனக்குப் பாதித் தீபாவளி. சீக்கு யாருக்குன்னு கேட்டீக. பயப்படுற மாதிரி இல்ல, தேறி வருது. இப்ப ரொட்டிக் கதையைக் கேளுங்க.

கள்ளு வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அடுத்த வீட்டு இருளாயி பார்த்துட்டா. அம்புட்டுத்தான். அழகம்மா கள்ளுக்குச் சொல்லி விடுறாளாம், அவ புருஷன் சோணை வாழ்க்கை இப்படியாப் போகணும்னு கிணத்தடியில பேச்சு. இவுக களத்துல இருந்து வந்ததும் என் வாயை மோந்து பார்க்காத குறைதான்.

மாவு பிசைஞ்சேன், மூடி வச்சேன், காலையில வச்சது சாயங்காலம் வரைக்கும் வச்ச மாதிரியே கெடந்துச்சு. சரி, அடுப்புல போயாவது எந்திரிக்கும்னு வச்சேன். எடுத்தா அம்மிக்கல்லு. மாட்டுக்குப் போட்டேன். அது என்னையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்துட்டு வைக்கோலுக்குத் திரும்பிக்கிருச்சு. மூணு தடவை சுட்டுட்டேன், மூணும் ஒரே லட்சணம். நீங்க சொன்னபடிதான் அண்ணே செஞ்சேன்.

அங்கே உங்களுக்கு யாரு சோறு போடுறா? மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு வச்ச கருவாட்டுக் குழம்பு, உங்களுக்குன்னா முதல் நாளே வச்சு மறுநாள் ஊத்துவேனே. இப்பவும் வைக்கிறேன். சட்டியடியில கொஞ்சம் எடுத்து வைக்கிற பழக்கம் இன்னும் போகல. சாயங்காலம் நானே வழிச்சுத் தின்னுக்கிறேன்.

பிரியமுள்ள தங்கச்சி
அழகம்மாள்


கொட்டாஞ்சேனை
புரட்டாசி 21

தாயி அழகுக்கு,

கள்ளைக் காய்ச்சி ஊத்தினியா? உண்மையைச் சொல்லு. கள்ளாச்சே, அப்படியே ஊத்தக் கூடாதுன்னு ஒரு கொதி விட்டுத்தானே ஊத்தியிருப்பே? உன்னை எனக்குத் தெரியாதா? பாலைக்கூட மூணு தடவை காய்ச்சுறவ. காய்ச்சினா அதுல உள்ள உசுரு செத்துப் போகும். பெறகு மாவு எப்படிப் பொங்கும்? படிச்சுட்டு அடுப்படியில நின்னு ஒத்தையாச் சிரிச்சேன். கூட வேலை செய்யிறவன், அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டான். நான் சிரிச்சு அவன் பார்த்ததில்ல.

சட்டி போதாது. கொல்லையில செங்கலும் களிமண்ணும் வச்சுக் குடிசை மாதிரி ஒரு சின்ன அடுப்புக் கட்டிக்க. உள்ளேயே விறகைப் போட்டு எரிச்சு, கல்லு நல்லாச் சூடானதும் தணலை எல்லாம் வெளியே தள்ளிட்டு, ஈரச்சாக்கால துடைச்சு, ரொட்டியை வச்சு வாயைப் பலகையால மூடு. கட்டுறதுக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக்க.

சோறு யாரு போடுறான்னு கேட்டே. ஹோட்டல்ல தின்னுறேன். தேங்காயெண்ணெய்க் குழம்பு. குறை சொல்லக் கூடாது, வயிறு நிறையுது. ரொட்டி எவ்வளவு வேணும்னாலும் இருக்கு, சுடச்சுட, வெண்ணெயோட. துரைமாரு வீட்டுக்குப் போற ரொட்டியை நான் முதல்ல தின்னுறேன். ஆனா உன் காகிதத்துல கருவாட்டுக் குழம்பைப் படிச்ச அன்னைக்கு எதுவும் இறங்கல. இனி அந்த மாதிரி எழுதாதே.

யாருக்குச் சீக்குன்னு இன்னும் எழுதல நீ. ராத்தூக்கம் கெட்டுப் போகுது எனக்கு.

இப்படிக்கு
வெள்ளைத்துரை


அவனியாபுரம்
கார்த்திகை 10

என் அண்ணனுக்கு,

பொங்கிருச்சு அண்ணே. துணியைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. தொட்டா பிள்ளை கன்னம் மாதிரி இருந்துச்சு. சுட்டு எடுத்து அடியில தட்டினேன், வெத்தாத்தான் கேட்டுச்சு. மேல்தோல் செவசெவன்னு, பிச்சா உள்ளே வெள்ளைவெளேர்னு. தெருவே வாசம். இருளாயி வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு, என்னடி வாசம்னு கேட்டா. ஒரு துண்டு கொடுத்தேன். வாயை மூடிட்டா.

கொத்தனார் வரல. அடுப்பைக் கட்டினது யாருன்னு நினைக்கிறீக? உங்க மாப்ளதான். ஒரு தடவை கட்டி இடிஞ்சு, மறுபடி கட்டினாக. எனக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சுன்னு மாவையும் அவுகதான் பிசைஞ்சாக. ரெண்டு கையும் மாவாகி, வேர்த்து ஊத்தி, பாதியில உக்காந்து, "உங்க அண்ணன் இதைத் தினம் செய்யிறாரா?"ன்னு கேட்டாக. ஆமான்னேன். பெறகு எந்திரிச்சுப் போய்த் திரும்பப் பிசைஞ்சாக. அன்னைக்குச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புன்னு உங்களுக்கு எழுதட்டுமான்னு கேட்டேன். காகிதத்துல வேண்டாம், மச்சான் வந்தா நானே சொல்றேன்னாக.

இப்ப நிசத்தைச் சொல்றேன். வீட்டுல யாருக்கும் சீக்கு இல்ல. டாக்டரும் இல்ல. தைப்பூசத்தன்னைக்குத் தங்கப்பொண்ணுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். மடியில உக்கார வச்ச மாமன் அந்த வீட்டுல சாப்பிடாமப் போனா அது பிள்ளைக்கு ஆகாதுன்னு எல்லாருக்கும் பயம். நீங்க சொன்ன சொல்லை மாத்த மாட்டீக, எனக்குத் தெரியும். மாத்தச் சொல்லவும் இல்ல. சோத்தைத் தொடமாட்டேன்னுதானே சொன்னீக? ரொட்டி தின்னுங்க. எங்க கொல்லையில, எங்க அடுப்புல, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சுட்டது. அதைத் தின்னுட்டுப் போனா உங்க சொல்லும் கெடாது, என் பிள்ளைக்கும் குறை வராது. இதுக்காகத்தான் அண்ணே ஆவணியில இருந்து மாவோட மல்லுக்கட்டுறேன்.

பொய் சொன்னேன்னு கோவிச்சுக்காதீக. சீக்குன்னு எழுதலைன்னா நீங்க பதில் போட்டிருப்பீகளா?

வருவீகன்னு நம்பும்
அழகம்மாள்


அவனியாபுரம்
மார்கழி 20

அண்ணனுக்கு,

காகிதம் போட்டு மாசம் கழிஞ்சு போச்சு. தபால்காரரு தெருவுல வந்தா வாசலுக்கு ஓடுறேன். இல்லம்மான்னு அவரு தூரத்துல இருந்தே கையை ஆட்டுறாரு.

பொய் சொன்னது தப்புத்தான். அதுக்கு என்னைத் திட்டி எழுதுங்க. அடிக்கக் கூட வாங்க. எழுதாம மட்டும் இருக்காதீக. அதைத்தான் என்னால தாங்க முடியல.

நம்ம பங்காளி மகன் யாரையாச்சும் மாமனா உக்கார வச்சுக் குத்திறலாம்னு மாமியார் வீட்டுல பேசுறாக. நான் ஒத்துக்கல. என் அண்ணன் மடியில உக்காராத பிள்ளைக்குக் கம்மல் எதுக்கு, மூளிக்காதாவே இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன். இவுகளும், சரி, அவ சொல்றபடியே இருக்கட்டும்னுட்டாக.

உங்க மருமக அடுப்படியில உக்காந்து மாவுல ஒரு மாமாவைச் செஞ்சு வச்சிருக்கா. மூக்கு மட்டும் பெருசா இருக்கு.

அழகம்மாள்


கொட்டாஞ்சேனை
தை 2

தாயி அழகுக்கு,

உன் ரெண்டு காகிதமும் வந்துச்சு. முதல் காகிதம் வந்த நேரம் கிறிஸ்துமஸ் வேலை. கேக்கும் ரொட்டியும் போட்டுப் போட்டு அடுப்பை விட்டு நகர முடியல. அது ஒரு சாக்கு. உண்மையில கோபம்தான். யாருக்கோ சீக்குன்னு நான் இங்க தூக்கமில்லாமக் கெடந்து, எல்லாரும் நல்லாயிட்டா மொட்டை போடுறேன்னு திருப்பரங்குன்றத்தானுக்கு நேர்ந்துக்கிட்டேன். நேர்ந்தது நேர்ந்ததுதான். யாருக்கும் சீக்கு இல்லைன்னு சொல்லி சாமிகிட்ட முடியைத் திரும்பக் கேக்க முடியுமா? உன் பொய்யால தலையும் போச்சு.

கோபத்துலயே உன் காகிதத்தைப் பல தடவை படிச்சேன். மாப்ள பாதியில உக்காந்துட்டுத் திரும்ப எந்திரிச்சுப் போய்ப் பிசைஞ்சாருன்னு எழுதியிருந்தியே, அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு போச்சு. பிசையிறவனுக்குத்தான் தெரியும், அந்த நேரத்துல விட்டுட்டுப் போகலாம்னு தோணும். அவரு விட்டுட்டுப் போகல. நான்தான் அன்னைக்கு இலையை விட்டு எந்திரிச்சுப் போனேன்.

முதலாளிகிட்ட லீவு வாங்கிட்டேன். கப்பலேறி, பூசத்துக்கு முந்தின நாளே வாரேன். முதல்ல குன்றத்துல மொட்டை போட்டுக்கிட்டு, பெறகு வீட்டுக்கு. பிள்ளை பயப்படாமப் பார்த்துக்க. கம்மல் வாங்கி வச்சிருக்கேன்.

ரொட்டி விஷயம். ரொட்டியைத் தின்னு சொல்லைக் காப்பாத்துங்கன்னு எழுதியிருந்தே. நல்ல யோசனைதான் தாயி, ஆனா கேளு. நான் தினம் தின்னுறது ரொட்டி. நாலு வருஷமா ரொட்டி. அந்தச் சொல்லைச் சொன்னவன் பசியோட எந்திரிச்சவன், அவனுக்கு இன்னும் பசி தீரல. அந்த ரோசம் இனிப் போதும்.

ரொட்டி சுட்டு வை. அதை மாப்ள தின்னட்டும், நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். எனக்குச் சோறு போடு. குழம்பை முதல் நாளே வச்சிரு. இலை பெருசாப் பார்த்து அறுத்து வை.

உன் அண்ணன்
வெள்ளைத்துரை